பொய்ப்பல்லின் மெய்வரலாறு

‘பல் போனாற் சொல் போச்சு’ என்பது நம்மவர் பழமொழி. இதனை நாம் பெரும்பாலும் கேலியாகவே வழங்கி வருகின்றோம். ஆயின் அதன்கண் ஒலியியல் உண்மையொன்று அடங்கியுள்ளது. எழுத்துக்களின் பிறப்பை ஆராய்ந்த தொல்காப்பியர், தலை, மிடறு, நெஞ்சு, நா, இதழ், மூக்கு, அண்ணம் என்பவற்றோடு பல்லையும் ஓருறுப்பாக வைத்து எண்ணினார். தகரமும் நகரமும் பிறக்க நாவானது மேற்பல்லின் அடியைச் சென்று பொருந்தல் வேண்டும். வகரம் பிறக்கப் பல்லும் இதழும் இயைதல் வேண்டும். பல்லிழந்த முதியவர் ‘தம்பி, வா’ என்று அழைக்கும்போது தகரமும் வகரமும் காற்றாய்ப் போய்விடுகின்றன. சிறுவர் சிரிக்கின்றனர். அச்சிரிப்புக்கு அஞ்சி அவர் பேச்சைக் குறைத்துக்கொள்கின்றார். கலியாண வீட்டுப் பந்தியிலே பிறர் காண மெல்லுவதற்கு நாணி, அரைவயிற்றோடு எழுந்து வருகின்றார். பல்லோடு போவது சொல் மாத்திரமன்று, சபையும் போய்விடுகின்றது.

போன பல்லுக்கு மாற்றுப்பல் தேடிய மனிதனின் கதை மிகப் பழையது. வரலாற்றாசிரியர் அரசரையும் போர்களையும் பற்றி எழுதிய அளவிற்கு இதனைப் பற்றி எழுதவில்லை. எனினும் ‘யாருடைய பல் யாருடைய வாய்க்குச் சென்றது?’ என்னும் வினாவை எழுப்பிப் பார்ப்போமாயின், இச்சிறு பொருளினூடே ஒரு சமுதாய வரலாறே விரியக் காணலாம்.

இத்தாலி நாட்டில் உரோமர் தலையெடுக்குமுன் சிறந்து வாழ்ந்த எத்துருசுக்கர், கி.மு. 7ஆம் நூற்றாண்டளவிலேயே மெல்லிய பொற்பட்டிகளினால் மாற்றுப் பற்களை உண்மைப் பற்களோடு பிணைத்து அணிந்தனர். கி.மு. 5ஆம் நூற்றாண்டின் நடுவில் உரோமர் வகுத்த பன்னிரு பலகைச் சட்டம், இறந்தவரோடு பொன்னைப் புதைக்கலாகாது என்று விதித்தது. பற்களைப் பிணைத்த பொன்னுக்கு மட்டும் விலக்களித்தது. சட்டமே விலக்களிக்குமளவிற்குப் பொற்பல் கட்டியோர் இருந்தனர் என்பது இதனாற் பெறப்படும். அத்தகையோர் பொன்னுடையோராகவே இருந்திருப்பர் என்பதைக் கூறவேண்டியதில்லை.

கீழைத்தேயத்தில் வேறொரு மரபு வளர்ந்தது. யப்பான் நாட்டின் வகயாமாவைச் சேர்ந்த நக்கஓக்கா தெய் என்னும் பௌத்த பிக்குணி 1538ஆம் ஆண்டு காலமானார். அவர் அணிந்திருந்த மேற்பல்வரிசை ஒரே மரத்துண்டிற் செதுக்கப்பட்டது. அண்ணத்தோடு நன்கு படிந்து, இடையிலுள்ள உமிழ்நீரின் பிடிப்பினால் அது விழாது நின்றது. புத்தர் சிலைகளைச் செதுக்கிய சிற்பியரின் கைத்திறனே இக்கலையின் மூலம் என்பர். மேல்நாட்டார் பொய்ப்பல்வரிசைகளுக்குச் சுருள்வில் பூட்டி, வாயைத் திறந்தால் மூட முடியாது இடர்ப்பட்ட காலம் இதற்குப் பின்னரே வந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது.

ஐரோப்பாவின் 18ஆம் நூற்றாண்டு, பல்லைப் பொறுத்தவரையிற் சீனியின் நூற்றாண்டாகும். ஆபிரிக்காவிலிருந்து சங்கிலியிற் பிணித்துக் கொண்டுவரப்பட்ட அடிமைகள் மேற்கிந்தியத் தீவுகளிற் கரும்பு வெட்டினர். அவர் வியர்வையில் விளைந்த சீனி முதலிற் செல்வர் மேசைக்கே சென்றது. ஆகவே சொத்தைப் பல் முதலிற் செல்வரின் நோயாயிற்று. அடிமையை உறிஞ்சிய இனிப்பு ஆண்டையின் பல்லைத் தின்றது. ஆயின் கதை அவ்வளவில் முடியவில்லை. போன பல்லுக்கு ஈடு செய்வதற்கும் அவ்வாண்டைகள் ஏழையின் வாயையே நாடினர்.

நீர்யானைத் தந்தத்திற் செதுக்கிய பல்வரிசைகள் அக்காலத்தில் வழங்கின. அவை உமிழ்நீரில் ஊறி, மஞ்சளித்து, நாறின. மனிதப் பல்லே சிறந்தது என்ற எண்ணம் நிலவியது. ஸ்கொத்லாந்தைச் சேர்ந்த சத்திரவைத்திய மேதையான யோன் ஹண்டர் 1771இல் மனிதப் பற்களைப் பற்றிய தம் நூலை வெளியிட்டார். ஒருவரின் பல்லைப் பிடுங்கி உடனே மற்றொருவரின் பற்குழியில் நடலாம் என்னும் முறைக்கு அவருடைய செல்வாக்குத் துணைநின்றது. சீமாட்டி ஓர் ஆசனத்தில் அமர்ந்திருப்பாள். சில நாணயங்களுக்குப் பல்லை விற்க வந்த ஏழைச் சிறுவன் அயலிற் காத்திருப்பான். தோமஸ் ரோலண்ட்சன் என்னும் ஓவியர் 1787இல் இக்காட்சியைக் கேலிச்சித்திரமாகத் தீட்டி அம்பலப்படுத்தினார். இவ்வாறு நட்ட பற்கள் நெடுநாள் நிலைக்கவில்லை. பல்லோடு நோயும் கைமாறியது. இழந்தவனுக்கும் பயனில்லை, பெற்றவளுக்கும் பயனில்லை என்ற நிலையில் அம்முறை மறைந்தது.

ஐக்கிய அமெரிக்காவின் முதற் குடியரசுத் தலைவர் ஜோர்ஜ் வாஷிங்டன் 1789இல் பதவியேற்றபோது அவர் வாயில் ஒரேயொரு சொந்தப் பல்லே எஞ்சியிருந்தது. அவர் மரப்பல் கட்டியிருந்தார் என்று கூறுவது கட்டுக்கதை. அவர் பல்வரிசைகளில் நீர்யானைத் தந்தமும், ஈயமும், மனிதப் பற்களும் இடம்பெற்றிருந்தன. அவரது மவுண்ட் வெர்னன் தோட்டத்தின் கணக்கேட்டில் 1784 மே மாதத்துப் பதிவொன்று உண்டு. நீக்ரோக்களிடம் வாங்கிய ஒன்பது பற்களுக்கு 6 பவுண் 2 சிலிங் கொடுத்ததாகவும், அது ஒரு பிரெஞ்சுப் பல்வைத்தியரின் பொருட்டு என்றும் அப்பதிவு கூறுகின்றது. விலை கொடுக்கப்பட்டமையால் அது நேரிய வணிகம் என்று வாதிடுவோரும் இருக்கலாம். உடலே தனக்குச் சொந்தமல்லாத ஒருவன் தன் பல்லை எவ்வாறு விற்பான்? சுதந்திரப் பிரகடனம் செய்த நாட்டின் வரலாற்றில் இவ்வொன்பது பற்களுக்கும் ஓரிடம் கொடுத்தே தீரல் வேண்டும்.

1815ஆம் ஆண்டு யூன் 18இல் வாட்டர்லூப் போர் நிகழ்ந்தது. நெப்போலியன் வீழ்ந்தான், வெலிங்டன் வென்றான் என்று பாடநூல்கள் கூறும். மாண்ட போர்வீரரின் வாய்களைத் திறந்து குறடு கொண்டு பல் பிடுங்கியோரைப் பற்றி அவை கூறுவதில்லை. இளைஞர்களின் உறுதியான அப்பற்கள் தந்தத் தகடுகளிற் பொருத்தப்பட்டுக் கனவான்களின் வாய்களை அலங்கரித்தன. ‘வாட்டர்லூப் பற்கள்’ என்னும் பெயர் பின்னர் இவ்வகைப் பற்கள் அனைத்துக்குமே ஆகிவந்தது. விக்டர் ஹியூகோ 1862இல் வெளியிட்ட பெருநாவலைச் சுத்தானந்த பாரதியாரின் ‘ஏழைபடும் பாடு’ வாயிலாக நம்மவர் பலர் அறிவர். அதில் வரும் பந்தீன் என்னும் தாய், குழந்தைக்கு மருந்து வாங்கத் தன் முன்பற்கள் இரண்டையும் நாற்பது பிராங்குக்கு விற்கின்றாள். அது ஆசிரியரின் வெறுங் கற்பனையன்று என்பதை மேற்கூறிய செய்திகள் காட்டும்.

மனிதப் பல்லின் வணிகம் ஒழிந்தமைக்கு மனச்சாட்சியைக் காட்டிலும் உற்பத்தி முறையில் நிகழ்ந்த மாற்றமே முதன்மையான காரணம் எனலாம். 1774 அளவில் பிரான்சில் துஷாத்தோ என்னும் மருந்து வணிகர், தமது தந்தப் பல்வரிசையின் நாற்றம் தாளாது பீங்கானிற் பல் செய்யத் தலைப்பட்டார். 19ஆம் நூற்றாண்டிற் பீங்கான் பற்கள் தொழிற்சாலைகளிற் பெருந்தொகையாக வார்க்கப்பட்டன. 1839இல் சார்ள்ஸ் குட்இயர் றப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துப் பதப்படுத்தும் வழியைக் கண்டார். அவ்வழியிற் பிறந்த கடின றப்பராகிய ‘வல்கனைற்’, பல்லைத் தாங்கும் முரசுத் தகட்டுக்கு மலிவான பொருளாயிற்று. 1846இல் பொஸ்டன் நகரில் ஈதர் மயக்கமருந்து வெளிப்படையாகச் செய்து காட்டப்பட்டபின், வலியின்றிப் பல் பிடுங்கவும் முடிந்தது. பிடுங்குவதும் எளிது, கட்டுவதும் மலிவு என்ற நிலையிற் பொய்ப்பல் முதன்முறையாக நடுத்தர மக்களின் வாயை எட்டியது.

எட்டிய கையைத் தட்டிவிடவும் சிலர் முயன்றனர். அமெரிக்காவில் வல்கனைற் பல்வரிசையின் காப்புரிமையை 1864இல் பெற்ற குழுவினர், ஒவ்வொரு பல்வைத்தியரும் தமக்கு உரிமப் பணம் செலுத்தல் வேண்டும் என்று வழக்குமேல் வழக்குத் தொடுத்தனர். அக்கம்பனியின் பொருளாளரான யோசையா பேக்கன் நகர்தோறும் சென்று வைத்தியர்களைத் துரத்தினார். 1879 ஏப்பிரிலில் சான் பிரான்சிஸ்கோ விடுதியொன்றில், அவர் வழக்குத் தொடுத்திருந்த பல்வைத்தியர் ஒருவர் அவரைச் சுட்டுக் கொன்றார். கொலையை நாம் நியாயப்படுத்தவில்லை. முதியோர் மெல்லும் உரிமைக்கு ஏகபோகம் சுங்கம் அறவிட்டபோது விளைந்த கசப்பின் அளவை மட்டுமே சுட்டுகின்றோம்.

இவ்விடத்தில் நம் நாட்டோடு தொடர்புடைய செய்தியொன்றைக் குறிப்பிடல் தகும். பிரேசிலிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட றப்பர் விதைகள் இலண்டன் கியூ பூங்காவில் முளைத்து, 1876இல் நாற்றுக்களாக இலங்கை வந்தன, ஹெனரத்கொடையில் நடப்பட்டன. 20ஆம் நூற்றாண்டில் உலகச் சந்தைக்குச் சென்ற றப்பரிற் பெரும்பகுதி ஆசியத் தோட்டங்களின் றப்பரே. விடியுமுன் எழுந்து மரத்திற் பால் வெட்டிய தோட்டத் தொழிலாளிக்கோ, தன் பல் விழுந்தபோது அந்த றப்பரிற் கட்டிய பல்வரிசை எட்டாத பொருளாகவே இருந்தது.

இதற்கிடையிற் சீனியும் மலிந்தது. பிரித்தானியா 1874இல் சீனி வரியை முற்றாக நீக்கியது. தேநீரும் சீனியும் பாணும் பாகுமே ஆலைத் தொழிலாளியின் உணவாயின. செல்வரின் நோயாக இருந்த சொத்தை, பாட்டாளியின் நோயாக மாறியது. பல்வைத்தியம் மட்டும் செல்வரிடமே நின்றுவிட்டது. பிற்காலத்து வைத்தியச் செலவுக்கு அஞ்சி, இளம் வயதிலேயே எல்லாப் பற்களையும் பிடுங்கிப் பொய்ப்பல் கட்டுவித்து, மணப்பெண்ணுக்கு அதனையே சீதனமாக அளித்த குடும்பங்களும் அங்கிருந்தன என்பர். 1948 யூலை 5இல் தேசிய சுகாதார சேவை தொடங்கி, பொய்ப்பல் இலவசம் என்று அறிவித்தபோது திரண்ட கூட்டம் அமைச்சர்களையே திகைக்கச் செய்தது. மூன்றாண்டு செல்லுமுன், கொரியப் போரின் ஆயுதச் செலவு பெருகிய வேளையில், பொய்ப்பல்லுக்கும் மூக்குக்கண்ணாடிக்கும் கட்டணம் விதிக்க அரசு துணிந்தது. அச்சேவையை உருவாக்கிய அனைரின் பெவன் 1951 ஏப்பிரிலில் அதனை எதிர்த்துப் பதவி துறந்தார். துப்பாக்கியா, கிழவியின் பல்லா என்ற வினா ஒரு பாராளுமன்றத்தையே உலுக்கிய நிகழ்ச்சி அது. 1968இல் இங்கிலாந்திலும் வேல்சிலும் வயதுவந்தோரில் நூற்றுக்கு 37 பேர் ஒரு பல்லும் இல்லாதிருந்தனர். 2009இல் அவ்விகிதம் நூற்றுக்கு 6 ஆகக் குறைந்திருந்தது. பல் விழுவது முதுமையின் விதியன்று என்பதற்கு இதனினும் வலிய சான்று வேண்டுவதில்லை.

பொய்ப்பல் கட்டியதோடு முதியவரின் துன்பம் தீர்ந்துவிடுவதுமில்லை. பல்லைத் தாங்கும் வேலை இல்லாது போனதும் தாடையெலும்பின் மேடு ஆண்டுதோறும் தேய்கின்றது. மேல்வரிசைக்கு அண்ணத்தின் பிடிப்புண்டு. கீழ்வரிசைக்கோ அதுவுமில்லை, நாவும் ஓயாது தள்ளிக்கொண்டிருக்கும். நேற்றுப் பொருந்தியது சில ஆண்டுகளில் ஆடத் தொடங்கும், முரசு புண்ணாகும். இரவிற் கழற்றித் தண்ணீரில் இடாது அணிந்தே உறங்குவோரின் அண்ணத்திற் பூஞ்சணம் படரும். ‘ஒருமுறை கட்டினாற் போதும்’ என்று எண்ணியவர், ஈற்றிற் பல்லைக் கைலேஞ்சியில் முடிந்து மடியில் வைத்துக்கொண்டு, சோற்றைக் குழைத்து விழுங்குகின்றார். பல்வரிசையும் செருப்பைப் போன்றதே. காலம் பார்த்துப் புதுப்பித்தல் வேண்டும்.

இச்சிக்கலுக்கு விடை தற்செயலாகவே கிடைத்தது. 1952இல் சுவீடன் நாட்டின் லுண்ட் நகரிற் பேர்-இங்வார் பிரோனமார்க் என்னும் ஆய்வாளர், முயலின் கால் எலும்பினுள் இரத்த ஓட்டத்தை நோக்குவதற்காக டைற்றேனியக் கருவியொன்றைப் பதித்தார். ஆய்வு முடிந்து அதனை எடுக்க முயன்றபோது எடுக்க முடியவில்லை. எலும்பு உலோகத்தைத் தன்னுறுப்பாகவே பற்றிக்கொண்டிருந்தது. 1965இல் யொஸ்தா லார்சன் என்பவரின் கீழ்த்தாடையில் அவர் முதன்முதலாக டைற்றேனிய வேர்களை ஊன்றினார். லார்சன் 2006இல் இறக்கும்வரை நாற்பதாண்டுகள் அவை உழைத்தன. அறிஞருலகம் முதலில் நம்பவில்லை; 1982இல் ரொறன்ரோவிற் கூடிய மாநாட்டின் பின்னரே இம்முறை பரந்த ஏற்பைப் பெற்றது. இன்று ‘இம்பிளான்ற்’ என வழங்குவது இதுவே. பற்கள் முற்றாக இழந்த கீழ்த்தாடைக்கு இரண்டு வேர்களை ஊன்றி, அவற்றின்மேற் கழற்றி மாட்டும் பல்வரிசையைப் பூட்டுவதே முதற்றெரிவாதல் வேண்டும் என 2002இல் கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்திற் கூடிய நிபுணர் உரைத்தனர். ஊன்றிய பல்லுக்கும் பராமரிப்பு வேண்டும். புகைப்போருக்கும், நீரிழிவைக் கட்டுப்படுத்தாதோருக்கும் அது தளரக்கூடும். ஆயினும் முதியவரை மீண்டும் பந்தியில் இருத்தும் ஆற்றல் அதற்குண்டு.

வழி பிறந்துவிட்டது, யாருக்கு என்பதே வினா. உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட அறிக்கையின்படி, உலகில் 60 வயதைக் கடந்தோரில் நூற்றுக்கு ஏறத்தாழ 23 பேர் பற்களை முற்றாக இழந்தவர். டைற்றேனிய வேர் அவர்களுட் காசுள்ளோரையே தேடிச் செல்கின்றது. அன்று ஏழையின் பல் செல்வனின் வாய்க்குச் சென்றது. இன்று அது செல்வதில்லை. ஆயின் செல்வனின் வாய்க்குச் சென்ற விஞ்ஞானம் ஏழையின் வாய்க்குத் திரும்பி வரவுமில்லை.

நம்மிடையே பாக்குரலில் வெற்றிலை இடிக்கும் ஆச்சிமாரை நாம் இனிய கிராமியக் காட்சியாக வருணிக்கின்றோம். அவ்வுரல் பல்லற்ற வாயின் ஊன்றுகோல் என்பதை எண்ணுவதில்லை. புகையிலை சேராத வெற்றிலைக்கூட்டும் புற்றுநோய் தருவது என 2004இல் சர்வதேச ஆய்வு நிறுவனம் வகைப்படுத்தியதையும் அவர்களுக்கு எடுத்துரைப்பதில்லை. கூலியாள் வலி பொறுக்க முடியாதபோதே வைத்தியரிடம் செல்கின்றான். சென்றதும் ‘பிடுங்கிவிடுங்கள்’ என்கின்றான். அது அறியாமையன்று. பல்லைக் காப்பதற்குப் பல நாட் கூலியை இழக்கவேண்டும். பிடுங்குவதற்கு ஒரு நாட் கூலியே போதும். கணக்கு அவன் பக்கம் சரியானதே. பிழையான கணக்கு சமுதாயத்தினுடையது.

இலவசக் கல்வியையும் இலவச வைத்தியத்தையும் உரிமையெனப் போற்றும் நாடு நம்முடையது. அவ்வுரிமையின் எல்லைக்குள் முதியோரின் வாயும் அடங்கல் வேண்டும். சிறுவயதிலேயே பல்லைக் காக்கும் ஏற்பாடு, இழந்தோர்க்கு நன்கு பொருந்தும் பல்வரிசை, காலந்தோறும் அதனைத் திருத்தும் வசதி, இயலுமிடத்தில் ஊன்றுபல் என்பன சலுகைகளல்ல. நெடுநாள் உழைத்துத் தேய்ந்தவர், தம் பேரனைத் ‘தம்பி, வா’ என்று தகரம் சிதையாது அழைக்கவும், அவனோடு ஒரே இலையிலிருந்து மென்று உண்ணவும் வேண்டுகின்றனர். அவர்கள் கேட்பது அழகையன்று, தமக்குரிய சபையையே.