கல்லுடை பூண்ட இளவரசர்

சீனம் என்றதும் பட்டும் பீங்கானும் தேயிலையும் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் பண்டைச் சீனரின் உள்ளத்தில் இவற்றிற்கெல்லாம் மேலான இடத்தைப் பெற்றிருந்தது ஒரு கல். அதனை அவர்கள் ‘யூ’ என்றனர். உலகம் ‘ஜேடு’ என்கிறது. பொன்னினும் மேலாக அதனைப் போற்றிய அம்மக்களின் வரலாற்றில் நமக்கும் ஒரு படிப்பினை உண்டு.

ஜேடு என்றால் பச்சை நிறமே நம் கண்முன் நிற்கும். அவர்கள் பயன்படுத்திய வகையோ வெண்மை, கருமை, மஞ்சள் எனப் பல நிறங்களில் கிடைப்பது. அதன் புகழ்பெற்ற பிறப்பிடம் மத்திய ஆசியாவின் கோத்தன். அந்நகரை அடுத்து ஓடும் யுருங்காஷ், கராகாஷ் என்னும் ஆறுகளின் பெயர்களே முறையே வெண் ஜேடு, கரு ஜேடு எனப் பொருள்படும் துருக்கிச் சொற்கள். 11-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இஸ்லாம் வேரூன்றிய மண் அது.

இக்கல்லை உளிகொண்டு செதுக்க இயலாது. அத்துணை உறுதி வாய்ந்தது. மணலும் நீரும் இட்டுப் பன்னாள் தேய்த்தே உருவாக்க வேண்டும். கி.மு. 3300 முதல் 2300 வரை யாங்சி ஆற்றின் கழிமுகப் பகுதியில் வாழ்ந்த லியாங்சூ மக்கள், உலோகக் கருவி இன்றியே, நடுவில் துளையுள்ள வட்டத் தட்டுகளையும் மயிரிழை போன்ற கோடுகளால் அணிசெய்த குழல்களையும் படைத்தனர். கி.மு. 1200 அளவில் மறைந்த ஷாங் அரசி ஃபூ ஹாவின் கல்லறை 1976-இல் திறக்கப்பட்டபோது, அதில் 755 ஜேடுப் பொருள்கள் இருந்தன.

அணிகலன் என்பதற்கு அப்பால், அக்கல்லில் அவர்கள் அறத்தையும் கண்டனர். அதன் இதமான மென்மையை அன்புக்கும், தன் குறையை மறைக்காத இயல்பை நேர்மைக்கும் கன்ஃபூசியஸ் ஒப்பிட்டதாக அவர்களுடைய சடங்கு நூல் கூறுகிறது. இடையில் தொங்கிய ஜேடுகள் நடைக்கேற்ப ஒலிக்கும். அவ்வொலியைக் கேட்டு நடப்பவனின் நெஞ்சில் தீய எண்ணம் புகாது என்றும் அவர்கள் எண்ணினர்.

எவ்வளவு உயர்ந்த கருத்து! ஆயினும் மனிதனின் ஆசை அதனோடு நிற்கவில்லை. உள்ளத்தைக் காக்கும் கல் உடலையும் அழியாது காக்கும் என்று ஹான் அரச குடும்பத்தினர் நம்பினர். கி.மு. 113-இல் மறைந்த இளவரசர் லியூ ஷெங்கிற்கு, 2,498 ஜேடுத் துண்டுகளை ஏறத்தாழ 1,100 கிராம் பொன்னிழையால் கோத்து, தலை முதல் கால் வரை உடை அமைத்தனர். 1968-இல் ஹெபெய் மாநிலத்தின் மான்செங்கில் அக்கல்லறை கண்டுபிடிக்கப்பட்டது. உடை இருந்தது, உள்ளிருந்த உடல் மண்ணாகியிருந்தது.

மண் மட்டுமா பகையாயிற்று? பொன்னிழைக்காகக் கள்வர் இத்தகைய உடைகளை எரித்தனர். எலும்புகளும் உடன் எரிந்தன. இதனைக் கண்டு வருந்திய வெய் பேரரசர் சாவோ பீ, தம் உடலுக்கு ஜேடு உடை பூட்டக்கூடாது என்று கி.பி. 222-இல் ஆணை எழுதி வைத்தார்.

நானூறு ஆண்டுகள் கழித்து, கி.பி. 632-இல், அண்ணல் நபி (ஸல்) அவர்களின் திருவுடல் மூன்று வெண்ணிறத் துணிகளில் கஃபனிடப்பட்டது. அதில் பொன்னும் இல்லை, மணியும் இல்லை. இன்றும் நம் வீடுகளிலிருந்து செல்வந்தரும் வறியவரும் அதே வெள்ளைத் துணியில்தான் புறப்படுகின்றனர். கள்வர் கவர்ந்து செல்ல அதில் ஏதும் இல்லை. உடன் செல்வது அமல் ஒன்றே. அதனைத் தேய்த்து மெருகேற்றும் காலம் நமக்கு இன்னும் இருக்கிறது.