177 பவுண்டு நஷ்டம்

1794இல் பிலடெல்பியாவில் அச்சான ஒரு சின்னப் பிரசுரத்தில் வரவு செலவுக் கணக்கு ஒன்று இருக்கிறது. பிணங்களைப் புதைத்ததற்கும் நோயாளிகளின் படுக்கைகளைப் புதைத்ததற்கும் வந்த பணம் 233 பவுண்டு 10 ஷில்லிங் 4 பென்ஸ். காசு திரும்ப வராத சவப்பெட்டிகளுக்கு 33 பவுண்டு. கூலிக்கு வைத்த ஆட்கள் ஐந்து பேர்: மூன்று பேருக்கு 70 நாள், இரண்டு பேருக்கு 63 நாள், ஒரு நாளைக்கு 22 ஷில்லிங் 6 பென்ஸ், ஆக 378 பவுண்டு. கழித்தால் கைநஷ்டம் 177 பவுண்டு 9 ஷில்லிங் 8 பென்ஸ். நானும் ஒரு தாளில் போட்டுப் பார்த்தேன். பென்ஸ் வரைக்கும் சரியா வருது.

எழுதியவர்கள் அப்சலோம் ஜோன்ஸ், ரிச்சர்ட் ஆலன். இரண்டு பேருமே அடிமைகளாகப் பிறந்த கறுப்பர்கள். ஊருக்கு ஊழியம் செய்தவர்கள் எதற்காகக் கணக்கை அச்சடித்துக் காட்டணும்? திருடர்கள் என்று ஒருவர் எழுதிவிட்டார், அதனால்தான்.

ஜோன்ஸ் 1746இல் டெலவேரில் பிறந்தவர். பதினாறு வயதில் எஜமானோடு பிலடெல்பியாவுக்கு வந்தார். பகலில் அவருடைய கடையில் வேலை, இரவில் குவேக்கர்கள் நடத்திய பள்ளியில் படிப்பு. 1770இல் மேரியைக் கல்யாணம் செய்ததும் முதலில் மனைவியின் விடுதலையைத்தான் விலை கொடுத்து வாங்கினார். பாசம் மட்டுமில்லை, இதில் சட்டமும் இருக்கிறது: தாய் அடிமை என்றால் பிறக்கும் பிள்ளையும் அடிமை. தன்னுடைய விடுதலைக்கு அவர் 1784 வரை காத்திருந்தார்.

1787இல் இவரும் ஆலனும் சேர்ந்து சுதந்திர ஆப்பிரிக்கச் சங்கம் என்று ஒன்றை ஆரம்பித்தார்கள். மாதச் சந்தா ஒரு ஷில்லிங். நோய், சாவு, கைம்பெண்கள், பிள்ளைகள் என்று கஷ்டம் வரும்போது அந்தப் பணம் உதவும். நம்மூர் மரண உதவிச் சங்கம் மாதிரிதான். ஞாயிற்றுக்கிழமை இவர்கள் போய்க்கொண்டிருந்தது வெள்ளையர்கள் நிர்வகித்த செயின்ட் ஜார்ஜ் மெதடிஸ்ட் ஆலயத்துக்கு. ஒருநாள் ஜெபம் நடக்கும்போதே, முழங்காலில் இருந்த ஜோன்ஸை ஆலயப் பொறுப்பாளர் ஒருவர் பிடித்து இழுத்து, ‘இது உன் இடமில்லை, எழுந்திரு’ என்ற பொருளில் சொன்னதாக ஆலன் பிற்காலத்தில் எழுதுகிறார். ஜெபம் முடியும்வரை பொறுக்கச் சொல்லியிருக்கிறார் ஜோன்ஸ். பொறுக்கவில்லை. ஜெபம் முடிந்ததும் கறுப்பர்கள் எல்லோரும் ஒன்றாக எழுந்து வெளியேறினார்கள். தனி ஆலயம் வேண்டும் என்ற பேச்சுக்கு அதன்பிறகு சூடு கூடியது.

1793 ஆகஸ்டில் மஞ்சள் காய்ச்சல் வந்தது. சுமார் 50,000 பேர் இருந்த நகரத்தில் ஏறக்குறைய 5,000 பேர் செத்தார்கள். வசதி உள்ளவர்கள் ஊரைவிட்டு ஓடினார்கள். பிலடெல்பியாதான் அப்போது நாட்டின் தலைநகர், அரசாங்கமே கலைந்தது. நம் வீட்டுத் தொட்டியில் முட்டையிட்டு டெங்கு பரப்புகிற அதே ஏடிஸ் கொசுதான் காரணம் என்பது அன்று யாருக்கும் தெரியாது. ஊரின் பெரிய மருத்துவர் பெஞ்சமின் ரஷ், கறுப்பர்களுக்கு இந்தக் காய்ச்சல் தொற்றாது என்று நம்பினார். அவர்களை உதவிக்கு அழைத்தார். ரஷ் அடிமைமுறையை எதிர்த்தவர், நல்ல மனுஷன். ஆனாலும் இந்த நம்பிக்கை எத்தனை பேர் உயிரைக் குடித்தது என்பதை அதே பிரசுரம் சொல்கிறது: 1792இல் ஊரில் புதைக்கப்பட்ட கறுப்பர்கள் 67 பேர், 1793இல் 305 பேர்.

ஜோன்ஸும் ஆலனும் தங்கள் ஆட்களோடு வீடு வீடாகப் போனார்கள். பிணம் எடுத்தார்கள், நோயாளிகளைப் பார்த்துக்கொண்டார்கள், ரஷ் சொல்லிக்கொடுத்தபடி எண்ணூறு பேருக்கு மேல் ரத்தம் எடுத்தார்கள். அந்த வைத்தியம் பலனில்லாதது மட்டுமல்ல, ஆபத்தானதும்கூட. அதற்கான பழியை இவர்கள்மேல் போட எனக்கு மனசு வரவில்லை.

காய்ச்சல் ஓய்ந்ததும் பதிப்பாளர் மாத்யூ கேரி சுடச்சுட ஒரு புத்தகம் போட்டார். கறுப்பர்களில் மோசமானவர்கள் கொள்ளைக் கூலி கேட்டார்கள், நோயாளி வீடுகளில் திருடினார்கள் என்று அதில் எழுதினார். ஜோன்ஸ், ஆலன் இருவரையும் பெயர் சொல்லிப் பாராட்டவும் செய்தார். ‘நீங்க ரெண்டு பேரும் நல்லவங்க, உங்க ஆளுங்கதான் சரியில்லை’ என்கிற இந்தப் பாராட்டை நாமும் கேட்டிருக்கிறோம். இரண்டு பேரும் அதை ஏற்கவில்லை. கூலி ஏறியதற்குக் காரணம், பணக்காரர்களே ஒருவருக்கு மேல் ஒருவர் ஏலம் கேட்டது என்றார்கள். நிவாரணக் குழுவில் இருந்த கேரி நடுவில் ஊரைவிட்டுப் போனதையும், புத்தகம் விற்று அவர் சம்பாதித்ததையும் சுட்டிக்காட்டினார்கள். கடைசி அடி இதுதான் என்று நினைக்கிறேன்: அந்தப் பிரசுரத்துக்குக் காப்புரிமை பதிவு செய்தார்கள். அமெரிக்காவில் கறுப்பர்கள் பெற்ற முதல் காப்புரிமை அது.

அதே 1794 ஜூலை 17இல் செயின்ட் தாமஸ் ஆப்பிரிக்க ஆலயம் பிரதிஷ்டையானது. எந்தத் திருச்சபையோடு சேர்வது? சபையார் பெரும்பாலும் எபிஸ்கோபல் பக்கம் சாய்ந்தார்கள். சுதந்திரப் போருக்குப் பிறகு அரசருக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்க முடியாத ஆங்கிலிக்கர்கள், 1789இல் இதே ஊரில் ஒழுங்கு செய்துகொண்ட சபை அது. ஆலன் மெதடிஸ்டாகவே இருந்து பெத்தேல் ஆலயத்தைக் கட்டினார். 1816இல் அது தனித் திருச்சபையாகவே வளர்ந்தது. நண்பர்களாகவே பிரிந்தார்கள்.

எபிஸ்கோபல் திருமண்டலம் இவர்களைச் சேர்த்துக்கொண்டது. ஆலயச் சொத்தும் நிர்வாகமும் கறுப்பர்கள் கையில் என்ற உறுதியும் கிடைத்தது. ஆனால் ஜோன்ஸைக் குருத்துவத்துக்கு எடுக்க கிரேக்க, லத்தீன் படிப்பு விதியைத் தளர்த்தியபோது ஒரு நிபந்தனையும் கூடவே வந்தது: இந்தச் சபை திருமண்டலப் பேரவைக்குப் பிரதிநிதி அனுப்பக்கூடாது. திருமண்டலத் தேர்தல் என்றால் நம்மூரில் நடக்கிற கூத்து தெரிந்தவர்களுக்கு, அந்த ஒரு ஓட்டு எவ்வளவு பெரிய விஷயம் என்று விளக்க வேண்டாம். ஜோன்ஸ் 1795இல் டீக்கன் ஆனார். குருவானவர் ஆக இன்னும் பல வருடங்கள் ஆயின.

ஆலனின் வழிதான் எனக்குப் பிடித்தது. இருந்தும் ஜோன்ஸைக் கோழை என்று தள்ள முடியவில்லை. 1799இன் கடைசியில், பிலடெல்பியாவின் சுதந்திரக் கறுப்பர்கள் காங்கிரசுக்கு அனுப்பிய மனுவில் முன்னின்றவர் அவர். அடிமை வியாபாரமும், தப்பியவர்களைப் பிடிக்கும் சட்டமும் அதில் கேள்விக்குள்ளாயின. 85க்கு 1 என்ற கணக்கில் சபை அதை ஒதுக்கியது. 1808 ஜனவரி 1, அடிமைகளை இறக்குமதி செய்வது சட்டப்படி நின்ற நாள். அன்று செயின்ட் தாமஸில் ஜோன்ஸ் நன்றிப் பிரசங்கம் செய்தார். எரியும் புதரில் மோசேயிடம் பேசிய, எகிப்தில் ஜனங்களின் கூக்குரலைக் கேட்ட கடவுளைப் பற்றியது அது.

நம் பக்கத்துக்கும் இதே ஆங்கிலிக்கக் குடும்பத்தில் ஒரு கதை உண்டு. 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், தென்னிந்தியச் சபைகளில் சாதி வேறுபாடு உடனே ஒழிய வேண்டும் என்று உத்தரவு போட்டார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பலர் சாதியைவிட சபையை விடுவது மேல் என்று வெளியேறினார்கள். செயின்ட் ஜார்ஜிலிருந்து வெளியேறியவர்கள் அவமானப்பட்டவர்கள். இங்கே எழுந்து போனவர்கள் பக்கத்தில் உட்கார மறுத்தவர்கள்.

ஜோன்ஸ் 1818 பிப்ரவரி 13இல் இறந்தார். செயின்ட் தாமஸ் சபைக்குப் பேரவையில் இடம் கிடைத்தது 1860களில், உள்நாட்டுப் போரின் நடுவே. அந்தச் சபை இடம் மாறி இன்றும் பிலடெல்பியாவில் நடக்கிறது. பிப்ரவரி 13 இப்போது எபிஸ்கோபல் திருச்சபையின் நாட்காட்டியில் அப்சலோம் ஜோன்ஸின் நினைவுநாள்.