ப்ரவுன் வயர் எங்க போகுது?

இந்த எபிசோட் செங்கத்துல, எங்க பெரியப்பா வீட்டு வாசல்ல, ஒரு வேப்பமரத்தடியில ஆரம்பிக்குது. அங்க 1978 மாடல் அம்பாசடர் ஒண்ணு நிக்குது, மார்க் 3. பெட்ரோல் என்ஜினைக் கழட்டிட்டு டீசல் என்ஜின் போட்டு பல வருஷம் ஆச்சு. டீசலுக்குப் பெரிய பேட்டரி வேணும். அது பானெட்டுக்குள்ள என்ஜின் சூட்டுல வெந்து வருஷா வருஷம் செத்துப்போகுது. "டிக்கிக்கு மாத்திடலாம்டா, நீ இன்ஜினியர்தானே"ன்னு பெரியப்பா கூப்பிட்டார். நான் எழுதுறது சாஃப்ட்வேர்னு அவருக்குப் புரியவைக்கிற முயற்சியை எப்பவோ விட்டுட்டேன்.

பேட்டரி பிளஸ் டெர்மினல்ல செல்ஃப் மோட்டாருக்குப் போற தடி கேபிள் இருந்தது. அதோட மூணு வயர். ஒண்ணு சிவப்பு, ஹீட்டர் பிளக்குக்குப் போறது கண்ணுக்கே தெரியுது. இன்னொண்ணு பழைய ப்ரவுன். மூணாவது வீட்டு வயரிங்குக்குப் போடுற மாதிரி மஞ்சள், மெல்லிசு. நான் ஃபோன்ல ஒரு கலர் சார்ட்டைத் திறந்தேன். ப்ரவுன்னா எர்த். சரி, இதை யாரோ தப்பா மாட்டியிருக்காங்க, பாடியில போல்ட் பண்ணிடலாம்னு கையை நீட்டினேன்.

உதவிக்கு வந்திருந்த ஆட்டோ எலக்ட்ரீஷியன் அண்ணன் என் மணிக்கட்டைப் பிடிச்சுட்டார். "தம்பி, அது மெயின் கரண்ட்டு. லூகாஸ் வண்டில ப்ரவுன்னா கைய வைக்கக் கூடாது."

சார்ட்டும் சரி, அண்ணனும் சரி. அதுதான் இன்னிக்கு எபிசோட்.

ஜோசப் லூகாஸ் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம்ல தள்ளுவண்டியில மண்ணெண்ணெய் விற்றவர். 1879-ல சைக்கிளுக்கான எண்ணெய் விளக்கு ஒன்றை 'கிங் ஆஃப் தி ரோட்' என்ற பெயரில் கொண்டுவந்தார். கார் வந்தபோது விளக்கு, டைனமோ, செல்ஃப் மோட்டார், சுவிட்ச் என்று பிரிட்டிஷ் கார்களோட மின்சார சாமான்களில் பெரும்பகுதி லூகாஸ் கம்பெனி கைக்குப் போனது. விளக்குகள் அடிக்கடி அணைஞ்சதால 'இருட்டின் இளவரசன்'னு கிண்டலும் சேர்ந்து வந்தது. ஆனா அந்தக் கம்பெனி விட்டுப்போன உருப்படியான சொத்து ஒரு கலர் வழக்கம். ப்ரவுன்: பேட்டரியிலிருந்து நேரா வர, ஃபியூஸ் இல்லாத கரண்ட். வெள்ளை: சாவி போட்டா வர்றது. பச்சை: சாவி போட்ட பிறகு ஃபியூஸ் வழியா வர்றது. நீலம் ஹெட்லைட்டுக்கு, சிவப்பு சைடு லைட்டுக்கு, கறுப்பு எர்த்துக்கு. ஒரு நிறத்து மேல இன்னொரு நிறத்துல கோடு போட்டா அது கிளை. நம்ம பாஷையில சொன்னா, கோடுக்குள்ளேயே கமெண்ட் எழுதி வெச்சிருக்காங்க.

ஜெர்மன்காரங்க வேற மாதிரி யோசிச்சாங்க. அவங்களோட டின் 72552 தரம் ஒவ்வொரு டெர்மினலுக்கும் ஒரு எண் கொடுத்தது. 30 என்றால் பேட்டரி பிளஸ், 15 என்றால் சாவி, 31 என்றால் எர்த். இன்னிக்கும் ஒரு ரிலே வாங்கினா அடியில 30, 85, 86, 87-னு போட்டிருக்கும், பாருங்க. அந்த 31-க்கு அவங்க கொடுத்த நிறம் ப்ரவுன். அதாவது பர்மிங்ஹாம்ல எந்த நிறம் 'தொடாதே'ன்னு சொல்லுதோ, அதே நிறம் ஸ்டுட்கார்ட்ல 'பாடியில மாட்டு'ன்னு சொல்லுது.

இந்த ரெண்டுமே நம்ம ஊருக்கு வந்தது. பாஷ் கம்பெனியின் மைக்கோ 1951-ல பெங்களூர்ல தொடங்கியது. பத்து வருஷம் கழிச்சு, 1961-ல, டிவிஎஸ் குடும்பத்தோடு சேர்ந்து லூகாஸ்-டிவிஎஸ், சென்னை பாடியில. மார்ரிஸ் ஆக்ஸ்ஃபோர்ட் மூன்றாம் சீரிஸை வெச்சு ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் கல்கத்தா பக்கத்து உத்தர்பாராவில் அம்பாசடர் செய்ய ஆரம்பிச்சது ஐம்பதுகளின் கடைசியில, நிறுத்தினது 2014-ல. வண்டியோட உருண்டை முகம் மட்டும் வரல, அந்தக் கலர்களும் கூடவே வந்தது. 1983-ல மாருதி வந்தப்போ ஜப்பான் வழக்கம் மூணாவதா சேர்ந்தது. செங்கத்துல ஒரே ஷெட்ல இந்த மூணையும் பார்த்த மெக்கானிக்குக்கு சார்ட் யாரும் கொடுக்கல. அண்ணனுக்கு லூகாஸ் ஒரு கம்பெனின்னே தெரியாது, அது ஒரு 'வகை'ன்னு நினைச்சிருந்தார். ப்ரவுன்ல கை வைக்காதேன்னு அவர் குரு சொன்னார், அவ்வளவுதான்.

இதுல இன்னொரு குழப்பமும் உண்டு. ஐம்பதுகளின் பிரிட்டிஷ் கார்கள் நிறைய பாசிட்டிவ் எர்த். பிளஸ்தான் பாடியில மாட்டியிருக்கும். அறுபதுகள்ல டிரான்சிஸ்டரும் ஆல்டர்னேட்டரும் வந்த பிறகுதான் பெரும்பாலும் நெகட்டிவ் எர்த்துக்கு மாறினாங்க. அதனால பழைய வண்டியில சிவப்பு கேபிளைப் பார்த்து 'இது பிளஸ்'னு நம்புறதுகூட ஆபத்து. நான் மீட்டர் வெச்சுப் பார்த்தேன். எங்க வண்டி இப்போ நெகட்டிவ் எர்த்.

சரி, மஞ்சள் வயர். அது எந்த வழக்கத்திலயும் இல்ல. அண்ணன், "எதுக்குன்னு தெரியல, ஆனா வெட்டாதீங்க"ன்னார். தெரியாத ஃபங்ஷனை டெலீட் பண்ணாதேன்னு எங்க ஆபீஸ்லயும் இதையேதான் சொல்வாங்க. ஆனா ஆபீஸ்ல தப்பானா சர்வர் விழும். இங்க, ஃபியூஸ் இல்லாத வயர் எங்கயாவது பாடியில உரசினா வண்டி எரியும்.

பேட்டரியை முழுசா கழட்டினோம். மீட்டரை பீப் சத்தத்துக்கு வெச்சோம். ஒரு முனை மஞ்சள்ல, இன்னொண்ணால ஹார்ன், ரூம் லைட், டேஷ்போர்டுன்னு ஒவ்வொண்ணாத் தொட்டேன். எதுவும் பேசல. அப்புறம் அண்ணன் முன்னாடி மெதுவா இழுக்க, நான் உள்ள கார்ப்பெட்டைத் தடவினேன். கதவோரமா, பின்சீட்டுக்கு அடியில, பின்பக்கத் தூணுக்குள்ள ஏறி, கூரைத் துணிக்குள்ள போச்சு. ஓரத்தைப் பிரிச்சுப் பார்த்தா, முனையில இன்சுலேஷன் டேப் சுத்தி, அந்த டேப் காய்ஞ்சு உதிர்ந்து, செம்பு வெளியே தெரிஞ்சுக்கிட்டிருந்தது. நாலு பேர் உட்காரும் இடத்துக்கு மேல, கரண்ட்டோட. கூரைத் தகடுக்கும் அதுக்கும் ஒரு விரல் இடைவெளி.

பெரியப்பா எட்டிப் பார்த்தார். ரொம்ப நேரம் ஒண்ணும் சொல்லல. அப்புறம், "மைக் செட்டு"ன்னார்.

1984 டிசம்பர். இந்திரா காந்தி சுடப்பட்ட பிறகு வந்த தேர்தல். தமிழ்நாட்டுல சட்டமன்றத்துக்கும் நாடாளுமன்றத்துக்கும் ஒண்ணா ஓட்டு. எம்.ஜி.ஆர். அமெரிக்காவுல புரூக்ளின் ஆஸ்பத்திரியில படுத்திருந்தார். பிரச்சாரத்துக்கு வராமலே ஆண்டிப்பட்டியில ஜெயிச்சார். ஆஸ்பத்திரியில எடுத்த வீடியோவை ஊர் ஊரா போட்டுக் காட்டின தேர்தல் அது. இந்த வண்டி வாடகைக்கு ஓடிக்கிட்டிருந்த காலம். கூரை மேல குழாய் ஸ்பீக்கர், பின்சீட்டுல ஆம்ப்ளிஃபயர், அதுக்குக் கரண்ட் இந்த மஞ்சள் வயர்ல. ஜவ்வாது மலை மேல ஜமுனாமரத்தூர் வரைக்கும் போனாராம். எந்தக் கட்சிக்குன்னு கேட்டேன். "டீசல் போட்டவங்களுக்கு"ன்னார். (அப்போ வண்டி பெட்ரோல். நான் திருத்தல.)

இந்த ஊரைப் பத்தி ஒரு சின்ன விஷயம். பத்துப்பாட்டில் ஒன்றான மலைபடுகடாம் இங்க ஆண்ட நன்னனைப் பற்றியது. அவனோட செங்கண்மாதான் இன்றைய செங்கம்னு சொல்வாங்க. அது ஆற்றுப்படை. ஏற்கெனவே போய்ட்டு வந்த கூத்தர், புதுசா போறவருக்கு மலை வழியைச் சொல்றது. எங்க வழுக்கும், எங்க பொறி வெச்சிருக்காங்க, எல்லாம் அதுல இருக்கு. எங்க பெரியப்பாவும் அந்த ரகம்தான், என்ன, நாற்பது வருஷம் லேட்டா சொன்னார்.

வேலை நடந்தது. டிக்கிக்கு 35 சதுர மில்லிமீட்டர் செம்பு கேபிள். ஏன் அவ்வளவு தடி? செல்ஃப் அடிக்கும்போது 200 ஆம்பியர் இழுத்தா, நாலு மீட்டருக்கு அதுல அரை வோல்ட்டுக்குள்ளதான் இழப்பு. 16-ல போட்டா ஒரு வோல்ட் போயிடும், காலைக் குளிர்ல என்ஜின் திணறும். பேட்டரிக்குப் பக்கத்துலயே பெரிய ஃபியூஸ் ஒண்ணு. என்ஜினிலிருந்து பாடிக்குப் புது எர்த் பட்டை. ப்ரவுனும் சிவப்பும் முன்னாடி, செல்ஃப் கேபிள் வந்து சேர்ற போல்ட்லயே மாட்டியாச்சு.

மஞ்சளை உருவி எறியலாம்னேன். பெரியப்பா வேணாம்னார். முன்முனையை மட்டும் கழட்டி, ரெண்டு முனைக்கும் புது டேப் சுத்தி, அது மேல மார்க்கர்ல 'மைக் செட், 1984, கரண்ட் இல்ல'ன்னு எழுதினேன். அண்ணன் அதை ஃபோட்டோ எடுத்துக்கிட்டார். அப்புறம் ஒரு நோட்டு எடுத்துட்டு வந்து, "அந்த ஜெர்மன் கலரெல்லாம் இதுல எழுதிக் குடுங்க தம்பி"ன்னார். எழுதிட்டு, பக்கத்துப் பக்கத்துல லூகாஸ் கலரை அவரைச் சொல்லச் சொல்லி எழுதினேன்.