மெழுகுத் தாள் இல்லாத அடை

பினாங்கின் ஜார்ஜ் டவுன் கடைவீடுகளில் கூரைக்கும் பலகைக்கும் நடுவே அடுக்குத் தேனீ குடியேறினால், யாரும் அதற்கு அளவெடுத்துக் கொடுப்பதில்லை. தானாகவே அடைகளை வரிசையாகத் தொங்கவிடும். மலாய்க் கம்பங்களில் தென்னந்தண்டைக் குடைந்து வைத்தாலும் அப்படியே. பெட்டிக்குள் வந்த தேனீக்கு மட்டும் அறுகோணம் பதித்த மெழுகுத் தாள் எப்படி வந்தது?

1851-ல் அமெரிக்கப் பாதிரியார் லாங்ஸ்ட்ராத் ஒன்றைக் கவனித்தார். சுமார் 9 மில்லிமீட்டர் சந்து விட்டால் தேனீ அதை அடைக்காமல் வழியாக வைத்துக்கொள்ளும். சட்டங்களைத் தூக்கி எடுக்கும் பெட்டி அதிலிருந்து பிறந்தது. ஆனால் தேனீ இரண்டு சட்டங்களைச் சேர்த்துக் குறுக்கே கட்டிவிட்டால் எதைத் தூக்குவது? மெழுகுத் தாளில் அறுகோணம் பதிக்க 1857-ல் ஜெர்மன் தச்சர் யோஹன்னஸ் மேரிங் செய்த அச்சு அதற்கு வழி காட்டியது. தாளைச் சட்டத்தில் பொருத்தினால் அடை நேராக வரும். ஒரு கிலோ மெழுகு சுரக்க 6, 7 கிலோ தேன் செலவாகும் என்பார்கள். அதிலும் கொஞ்சம் மிச்சம்.

அந்தத் தாள் ஐரோப்பியத் தேனீக்கானது. அதன் அறை அகலம் சுமார் 5.4 மில்லிமீட்டர். நம் அடுக்குத் தேனீ உருவில் சிறியது; வேலைக்காரத் தேனீக்கு அது கட்டும் அறையும் சிறியது. 5.4 என்பது ஏறக்குறைய அதன் ஆண் தேனீக்கான அறை! திருச்சியில் 1911 முதல் 1917 வரை கிராமத்தாருக்குத் தேனீ வளர்ப்புச் சொல்லிக்கொடுத்த நியூட்டன் பாதிரியார், நம் தேனீக்கென்றே சிறிய பெட்டி செய்தார். மரப்பொந்திலிருந்து அறுத்த அடையைச் சட்டத்தில் வாழைநாரால் கட்டிவிட்டால் போதும், மீதியைத் தேனீ பார்த்துக்கொள்ளும் என்ற கைப்பழக்கம் நம் ஊர்ப்பக்கம் இன்றும் இருக்கிறது.

தாளில்லாமல் அடையைத் தூக்குவதும் புதிதல்ல. கிரேக்கர்கள் கூடையின் வாயில் குச்சிகளை அடுக்கி, குச்சிக்கு ஓர் அடையாகக் கட்டவிட்டதை ஆங்கிலேயப் பயணி ஜார்ஜ் வீலர் 1682-லேயே எழுதிவிட்டார்.

இன்று பினாங்கில் இப்படி வளர்க்க விரும்புவோருக்குத் தாளை விட ரசமட்டம்தான் முக்கியம். சட்டத்தின் மேற்கட்டையில் மெழுகை ஒரு கோடாகத் தடவினால் தேனீக்கள் ஒன்றின் காலை ஒன்று பிடித்துச் சங்கிலியாகத் தொங்கி, வயிற்றடியில் செதில் செதிலாக வரும் மெழுகை மென்று ஒட்டும். அவை கட்டுவது நேர் கீழாக. பெட்டி சாய்ந்திருந்தால் அடை சட்டத்தை விட்டு விலகும். புது அடை வெள்ளையாக, தொட்டால் குழையும். இந்த ஊர் வெயிலில் சட்டத்தைப் படுக்கவைத்துத் திருப்பினால் தேனோடு அறுந்து விழும். நிமிர்த்தியபடியேதான் பார்க்க வேண்டும்.