நெடும்பயணக் குதிரைகளின் நடைக்கணக்கு

குதிரையின் ஓட்டத்தில் நெடும்பயணத்துக்கு உரியவை மூன்று: நடை, துள்ளோட்டம், நாலுகால் பாய்ச்சல். பழைய அமெரிக்கக் குதிரைப்படையின் கணக்கில் நடைக்கு மணிக்கு 4 மைல், துள்ளோட்டத்துக்கு 8, பாய்ச்சலுக்கு 12. எதை எவ்வளவு நேரம் கையாள்வது என்பதே பயணத்தின் முடிவைத் தீர்மானித்தது.

வேகம் மட்டுமே வேண்டியவர்கள் குதிரையை மாற்றினார்கள். பண்டைப் பாரசீகத்தில் சார்டிஸ் நகரிலிருந்து சூசா வரை சென்ற அரசபாதையில், ஒவ்வொரு நாள் தூரத்துக்கும் புதிய ஆளும் புதிய குதிரையும் காத்திருந்ததாக ஹெரோடோட்டஸ் எழுதுகிறார். 1860இல் தொடங்கிய அமெரிக்க ‘போனி எக்ஸ்பிரஸ்’ அஞ்சலும் இதே வழியில் மிசௌரியின் செயின்ட் ஜோசப்பிலிருந்து கலிபோர்னியாவின் சாக்ரமென்டோவுக்குப் பத்து நாளில் கடிதம் சேர்த்தது. சுமார் 10 முதல் 15 மைலுக்கு ஒரு நிலையம். வந்த குதிரையிலிருந்து அஞ்சல் பைகள் தைத்த தோல் விரிப்பை உருவி, காத்திருக்கும் குதிரையின் சேணத்தின் மேல் போட்டுவிட்டு வீரர் கிளம்பிவிடுவார். 1861 அக்டோபரில் கண்டம் கடந்த தந்திக் கம்பி இணைந்ததும் அந்த அஞ்சல் நின்றது.

படைகளுக்கு அந்த வசதி இல்லை. காலையில் ஏறிய குதிரையே மாலையிலும், மறுநாளும் சுமக்க வேண்டும். ஆகவே புறப்பட்டதும் நடை. சிறிது தூரத்தில் நின்று, தளர்ந்த சேணவாரை இறுக்குதல். பிறகு துள்ளோட்டமும் நடையும் மாறி மாறி. இடையிடையே வீரர்கள் இறங்கி, கடிவாளத்தைப் பிடித்துக் குதிரையுடன் நடந்தார்கள். முதுகின் பாரம் குறைந்து, சேணத்தின் கீழ் புண் வருவது தவிர்க்கப்பட்டது. பாய்ச்சல் போருக்கென்று ஒதுக்கப்பட்டது.

இந்த ஒழுங்கை மீறினால் நேர்வதை 1892இல் பெர்லினுக்கும் வியன்னாவுக்கும் இடையே நடந்த அதிகாரிகளின் போட்டி காட்டியது. ஏறத்தாழ 580 கிலோமீட்டர் தூரத்தை ஆஸ்திரிய அதிகாரி ஸ்டார்ஹெம்பெர்க் மூன்று நாளுக்குள் கடந்து வென்றார். அவரை வெற்றிபெறச் செய்த ஆதோஸ் என்ற குதிரை விரைவிலேயே இறந்தது. வேறு பல குதிரைகளும் மாண்டன. விலங்கின் உயிரை விலையாக வைத்த வெற்றி என்று பலத்த கண்டனம் எழுந்தது.

இதற்கு மாறாக, 1955இல் வெண்டல் ரோபி கலிபோர்னியாவில் தொடங்கிய 100 மைல் டெவிஸ் கோப்பைப் பயணத்தில் வழிநெடுகக் கால்நடை மருத்துவர்கள் குதிரைகளைச் சோதிக்கிறார்கள். முன்னணியில் வருபவற்றுள் மிகச் சிறந்த உடல்நிலையில் உள்ள குதிரைக்கு 1964 முதல் ஹாகின் கோப்பை தனியாக வழங்கப்படுகிறது. பன்னாட்டு நெடுந்தூரப் போட்டிகளில், இடைநிறுத்தங்களில் குதிரையின் இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 64 அல்லது அதற்குக் கீழே இறங்க வேண்டும். அதுவரை செலவாகும் நேரமும் ஓட்டக் கணக்கில் சேர்ந்துவிடும். அதனால் தேர்ந்த வீரர்கள் நிறுத்தத்தை நெருங்கும்போதே வேகத்தைக் குறைத்துவிடுகிறார்கள். குதிரையைக் காக்கும் நடையே இன்று போட்டியை வெல்லும் நடையும் ஆகிறது.