பகிர்வு: ஒரே சொல், இரண்டு வரலாறுகள்

மும்பையில் பணியாற்றும் கல்லூரித் தோழர் ஒருவர், சென்ற வாரம் ஓர் ஒப்பந்தப் படிவத்தை அனுப்பிக் கருத்துக் கேட்டிருந்தார். ஆண்டுக் கட்டணம் செலுத்தினால் ஃபெராரி, லம்போர்கினி, போர்ஷே போன்ற கார்களை ஆண்டில் சில நாள்கள் தாமே ஓட்ட வழிசெய்யும் கிளப் ஒன்றின் உறுப்பினர் படிவம் அது. வாங்க வேண்டியதில்லை, பகிர்ந்துகொண்டால் போதும் என்பதே அதன் அழைப்பு. பொருளியல் வரலாறு பயில்பவன் என்ற முறையில் 'பகிர்வு' என்ற சொல் என்னை உறுத்தியது. எதைப் பகிர்கிறோம்? இழப்பு நேர்ந்தால் அதையும் பகிர்வோமா? அவருக்கு எழுதிய மறுமொழியைச் சற்று விரித்து இங்கே பதிவிடுகிறேன்.

காரைப் பொதுவில் வைத்துப் பயன்படுத்திய முயற்சிகளுள் மிகப் பழையதாக ஆய்வாளர்கள் குறிப்பிடுவது, 1948இல் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் தொடங்கிய 'செஃபாகே' என்னும் கூட்டுறவு அமைப்பாகும். தனியே கார் வாங்க இயலாதோர் ஒன்றுகூடி நடத்திய முயற்சி அது. 1974இல் ஆம்ஸ்டர்டாமில் லூட் ஸ்கிம்மெல்பென்னிங்க் என்பவரின் முன்முயற்சியால் 'விட்கார்' என்ற சிறிய மின்கார்த் திட்டம் வந்தது, அதுவும் கூட்டுறவே. 1987இல் சுவிட்சர்லாந்தில் தோன்றிய இரு கூட்டுறவுகள் 1997இல் இணைந்து 'மொபிலிட்டி' ஆயின. அது இன்றளவும் கூட்டுறவாகவே இயங்குகிறது. கூட்டுறவில் உறுப்பினர் என்பவர் வாடிக்கையாளர் மட்டும் அல்லர், பங்குதாரரும் ஆவார். பொதுக்குழுவில் அவருக்கு வாக்கு உண்டு. கணக்கைக் கேட்கும் உரிமை உண்டு. நட்டத்தில் பங்கும் உண்டு.

சொகுசுக் கார் கிளப்புகளின் மரபு வேறு. வசதி இல்லாதோரின் தேவையிலிருந்து அது பிறக்கவில்லை. வசதி உள்ளோரின் கணக்கிலிருந்து பிறந்தது. 1995இல் லண்டனில் 'கிளாசிக் கார் கிளப்' தொடங்கப்பட்டது. 1996ஆம் ஆண்டின் ஃபார்முலா ஒன் உலக வாகையர் டேமன் ஹில், 2000இல் 'பி1 இன்டர்நேஷனல்' என்ற கிளப்பைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவர். இத்தகைய கிளப்புகளில் பொதுவாகக் காணப்படும் நடைமுறை எளிது. ஆண்டுக் கட்டணத்திற்கு ஈடாகக் குறிப்பிட்ட புள்ளிகள் உறுப்பினரின் கணக்கில் வைக்கப்படும். காரின் விலை, பருவம், வார நாளா விடுமுறை நாளா என்பனவற்றைப் பொறுத்து ஒவ்வொரு நாளுக்கும் புள்ளிகள் கழியும். இதன் பொருளியல் தர்க்கத்தை மறுப்பதற்கில்லை. ஆண்டில் பெரும்பகுதி கொட்டகையிலேயே நிற்கும் காருக்குத் தேய்மானம், காப்பீடு, பராமரிப்பு என மூன்றையும் ஒருவரே சுமப்பதைவிடப் பலர் சுமப்பது மலிவு.

ஆனால் காரின் உடைமை நிறுவனத்திடமோ அதற்குக் கடன் கொடுத்தவரிடமோ இருக்கிறது. உறுப்பினரிடம் இருப்பது நாள்களுக்கான வாக்குறுதி மட்டுமே. நிறுவனம் நொடித்துப்போனால், முன்பணம் செலுத்தியவர் பொதுவாக ஈடு இல்லாத கடனாளர்களின் வரிசையிலேயே நிற்க நேரும். 1948இன் உறுப்பினரும் 2000இன் உறுப்பினரும் ஒரே சொல்லால் அழைக்கப்பட்டாலும் ஒரே நிலையில் உள்ளவர்கள் அல்லர்.

இந்தியாவில் இத்துடன் சட்டச் சிக்கல் ஒன்றும் சேர்கிறது. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 75ஆம் பிரிவு, தாமே ஓட்டிச்செல்ல வாடகைக்குக் கார் தரும் தொழிலை நெறிப்படுத்தத் திட்டம் வகுக்கும் அதிகாரத்தை மத்திய அரசுக்கு அளிக்கிறது. அவ்வாறு வகுக்கப்பட்ட 1989ஆம் ஆண்டுத் திட்டம், உரிமம் கோருவோரிடம் குறைந்தது 50 கார்கள் இருக்க வேண்டும் என்றது. பெரிய சுற்றுலா நிறுவனங்களை மனத்திற்கொண்ட விதி அது; ஒருசில விலையுயர்ந்த கார்களை வைத்து நடத்தும் கிளப்புக்குப் பொருந்துவது அரிது. இவ்வகை வாடகைக் காருக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து. சொந்தப் பயன்பாட்டுக் காருக்கு வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்து. உறுப்பினர் கட்டணம் வாடகையா, அன்றா என்பது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. தனியார் காருக்கான வழக்கமான காப்பீட்டு ஆவணம், வாடகைக்கு விடுவதைத் தன் பாதுகாப்பிலிருந்து விலக்குகிறது. வெள்ளைப் பலகைக் காரில் விபத்து நேர்ந்து, கட்டணம் வாடகையே என்று முடிவானால், பல கோடி மதிப்புள்ள காரின் சேதத்திற்கு யார் பொறுப்பு என்ற வினா ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தவரை நோக்கித் திரும்பும்.

கூட்டுறவு எப்போதும் வெல்லும் என்றோ, கிளப் ஏமாற்று என்றோ நான் வாதிடவில்லை. விட்கார் திட்டமும் நிலைக்கவில்லை. வாழ்வில் ஒருமுறையேனும் அத்தகைய காரை ஓட்ட விரும்புவதில் தவறும் இல்லை. உடைமையைப் பகிர்வதும் பயன்பாட்டை விலைக்கு வாங்குவதும் வெவ்வேறு உறவுகள் என்பதே என் கருத்து. எனவே தோழரிடம் மூன்றைக் கேட்டறியச் சொன்னேன்: கார் யார் பெயரில், எந்த வகையில் பதிவாகியுள்ளது? காப்பீட்டு ஆவணத்தின் பயன்பாட்டு வரம்பு என்ன சொல்கிறது? கிளப் மூடப்பட்டால் எஞ்சிய புள்ளிகளின் பணம் எங்கிருந்து திரும்பும்?

காப்பீட்டு ஆவணத்தின் படியைக் கேட்டு எழுதியிருக்கிறார். அது வந்து சேரும்வரை கையொப்பமிடுவதில்லை என்று இருக்கிறார். போக்குவரத்து வரலாற்றிலோ கூட்டுறவுச் சட்டத்திலோ ஆய்வுத் தலைப்புத் தேடும் மாணவர்கள் இந்த மூன்று வினாக்களிலிருந்தே தொடங்கலாம். இந்தியச் சூழலில் எழுதப்பட வேண்டியது நிறைய உண்டு. மாற்றுக் கருத்துகளையும் திருத்தங்களையும் வரவேற்கிறேன்.