கேம்பெலின் மேசைக்கு வந்த கலகங்கள்

1940 பிப்ரவரி மாத ‘அஸ்டவுண்டிங் சயன்ஸ் ஃபிக்‌ஷன்’ இதழில் ஒரு தொடர்கதை ஆரம்பமானது. தலைப்பு ‘இஃப் திஸ் கோஸ் ஆன்’. எழுதியவர் ராபர்ட் ஹைன்லைன். காசநோயால் கடற்படை வேலையை இழந்தவர். முதல் கதை அச்சாகி ஓராண்டுகூட ஆகியிருக்கவில்லை. அவருடைய கதையில் வருங்கால அமெரிக்காவைத் தீர்க்கதரிசிகள் ஆள்கிறார்கள். நெகமையா ஸ்கடர் என்ற பிரசங்கி தேர்தலில் நின்று ஜெயித்து அதிபராகிறான். அதற்குப் பிறகு அந்த நாட்டில் தேர்தலே கிடையாது. அவனுக்குப் பின் வந்த ஒரு தீர்க்கதரிசியின் அரண்மனையில் காவல் நிற்கும் ஜான் லைல் என்ற இளைஞன், அந்தப்புரத்துக்கு அனுப்பப்படும் ஒரு பெண்ணின் மீது காதல்கொண்டு, அந்த வழியாகவே ஒரு ரகசிய இயக்கத்துக்குள் வந்து சேர்கிறான்.

ஹைன்லைன் இதற்காக அதிகம் கற்பனை செய்ய வேண்டியிருக்கவில்லை. பரிணாமக் கொள்கையைக் கற்பித்த குற்றத்துக்காக 1925-இல் ஜான் ஸ்கோப்ஸ் என்ற பள்ளி ஆசிரியரை டென்னசி மாநிலம் நீதிமன்றத்தில் நிறுத்தியிருந்தது. லாஸ் ஏஞ்சலிஸில் எய்மி செம்பிள் மெக்ஃபர்சன் ஆயிரக்கணக்கானோர் அமரும் ஆலயத்தைக் கட்டி, சொந்த வானொலி நிலையமும் வைத்திருந்தார். டெட்ராய்ட் அருகிலிருந்து வானொலியில் பேசிய பாதிரியார் சார்ல்ஸ் காக்லினைக் கோடிக்கணக்கானோர் கேட்டார்கள். 1930-களின் இறுதியில் அந்தப் பேச்சில் யூத வெறுப்பு வெளிப்படையாகவே வழிந்தது. வானொலிக்கு அடுத்து தொலைக்காட்சி வந்தால் என்ன ஆகும் என்பதைத்தான் ஹைன்லைன் யோசித்துப் பார்த்தார். கதையில், இறந்துபோன முதல் தீர்க்கதரிசி ஆண்டுக்கொரு முறை நடப்புத் தீர்க்கதரிசியின் உடலில் இறங்கும் ‘அற்புதம்’ நாடெங்கும் ஒளிபரப்பாகிறது. கலகக்காரர்கள் அந்த ஒளிபரப்பையே கைப்பற்றி, வேறொரு காட்சியை அனுப்பிவிடுகிறார்கள். ஆட்சி ஆட்டம் காண்பது அங்கிருந்துதான்.

இதை வெளியிட்ட ஆசிரியர் ஜான் டபிள்யூ. கேம்பெல். 1937 இறுதியில் அவர் அந்த நாற்காலிக்கு வந்தபோது வயது 27. அதுவரை அமெரிக்க மலிவு இதழ்களில் வந்த விண்வெளிக் கதைகளுக்கு அளவுதான் பெருமை: இந்த மாதக் கப்பலைவிட அடுத்த மாதக் கப்பல் பெரியது, அதற்கடுத்த மாதம் ஒரு சூரியனே வெடிக்கும். கேம்பெலும் அப்படி எழுதிப் பேர் வாங்கியவர்தான். ஆனால் ஆசிரியரானதும் எழுத்தாளர்களிடம் வேறு கேள்விகளைக் கேட்கத் தொடங்கினார். இந்த இயந்திரம் எந்தச் சமூகத்தில் ஓடுகிறது? அதை யார் வைத்திருக்கிறார்கள்? சொல்லுக்கு ஒரு சென்ட் கணக்கில் கூலி கொடுத்த இதழ் அது. ஆசிரியரோடு மணிக்கணக்கில் வாதாடும் வாய்ப்பும், பக்கம் பக்கமாக அவர் எழுதும் கடிதங்களும் கூலியோடு சேர்ந்து வந்தன. மத ஆட்சியை எதிர்க்கும் விண்வெளிக் கதை என்ற மரபு பெரும்பகுதி அந்த ஒரு மேசையில் உருவானது.

ஹைன்லைனின் கதையில் கலகம் வென்ற பிறகு வரும் பகுதியைக் கவனிக்க வேண்டும். தலைமுறைகளாக மூளையில் ஏற்றப்பட்ட நம்பிக்கையை மக்களிடமிருந்து எடுப்பது எப்படி? 1940-இல் இதழில் வந்த வடிவத்தில், வென்றவர்கள் அறிதுயில் உத்திகளால் மக்களின் மனத்தைத் திருத்த முடிவு செய்கிறார்கள். அதை யாரும் தடுப்பதில்லை. 1953-இல் ‘ரிவோல்ட் இன் 2100’ என்ற நூலில் சேர்க்கும்போது ஹைன்லைன் அந்த இடத்தைத் திருத்தினார். ஒரு முதியவர் கூட்டத்தில் எழுந்து, சுதந்திர மனிதர்களைப் பழக்கி எடுக்க எவருக்கும் உரிமையில்லை என்று எதிர்க்கிறார், திட்டம் கைவிடப்படுகிறது. இரண்டு வடிவங்களுக்கும் நடுவே ஓர் உலகப் போரும் அதன் பிரசார இயந்திரங்களும் வந்துபோயிருந்தன. அந்த முதியவரின் குறுக்கீடு முழுக் கதையின் எடையையும் மாற்றிவிடுகிறது. ஸ்கடர் எப்படி ஆட்சிக்கு வந்தான் என்ற முன்கதையை மட்டும் ஹைன்லைன் கடைசிவரை எழுதவில்லை. அந்த மனிதனை நினைத்தாலே தனக்குப் பிடிக்கவில்லை என்ற பொருள்பட அந்த நூலின் பின்னுரையில் சொல்லிவிட்டார்.

1943-இல் ஃபிரிட்ஸ் லைபரின் ‘கேதர், டார்க்னெஸ்!’ அதே இதழில் தொடராக வந்தது. அதில் விஞ்ஞானிகளே பூசாரிகளாகி உலகை ஆள்கிறார்கள். எதிர்ப்பாளர்கள் சூனியக்காரர்களின் வேடத்தில் வருகிறார்கள். லைபர் நியூயார்க்கில் இறையியல் படித்தவர், சிறிது காலம் நியூ ஜெர்சி தேவாலயங்களில் பணி செய்தவர். சடங்கின் உள்ளறை அவருக்குத் தெரியும்.

ஐசக் அசிமோவ் போனது எதிர்த்திசையில். 1941 ஆகஸ்டில் கேம்பெலின் அலுவலகத்துக்குப் போகும் வழியில், ரோமானியப் பேரரசு போல ஒரு விண்வெளிப் பேரரசு சரியும் கதை அவருக்குத் தோன்றியது. 1942 ஜூன் இதழில் வந்த இரண்டாவது ‘ஃபவுண்டேஷன்’ கதையில், ராணுவமில்லாத டெர்மினஸ் கோள் தன்னைச் சுற்றியுள்ள அரசுகளுக்கு அணு ஆற்றலை ஒரு மதமாகக் கற்றுக்கொடுக்கிறது. இயந்திரத்தைத் தொடும் உரிமை பூசாரிக்கு மட்டும். படையெடுப்புக் கப்பலிலேயே இருக்கும் பூசாரி சாபம் இட்டதும் கப்பலின் விளக்குகள் அணைகின்றன, படைவீரர்கள் தங்கள் தளபதிக்கு எதிராகத் திரும்புகிறார்கள். கதை நாயகர்களே மக்களின் பக்தியை ஆயுதமாக்குகிறார்கள் என்பது வாசகரை உறுத்த வேண்டிய இடம். 22 வயது அசிமோவ் அதைச் சாமர்த்தியமாகவே கொண்டாடுகிறார். 1944-இல் வந்த இன்னொரு கதையில் ஹோபர் மாலோ என்ற வணிகன், மதத்தின் காலம் முடிந்தது, இனி வியாபாரம்தான் என்று சொல்லிவிடுகிறான். க்னோம் பிரஸ் என்ற சிறு பதிப்பகம் 1951 முதல் 1953 வரை இந்தக் கதைகளை மூன்று நூல்களாகக் கட்டி வெளியிட்டது. இதழ்களில் சிதறிக் கிடந்தவற்றை ரசிகர்கள் நடத்திய சிறு பதிப்பகங்கள் தொகுத்த காலம் அது. மூன்று பாக விண்வெளிக் கதை என்ற வடிவம் வேரூன்றியதில் அந்தப் பைண்டிங் வேலைக்கும் பங்குண்டு.

பிறகு ஃபிராங்க் ஹெர்பர்ட் வந்தார். 1957-இல் ஓரிகன் மாநிலத்தின் ஃபுளோரன்ஸ் ஊருக்குப் போய், நகரும் மணல்மேடுகளைப் புல் நட்டுக் கட்டுப்படுத்தும் அரசுத் திட்டத்தைப் பற்றிக் கட்டுரை எழுத முனைந்த பத்திரிகையாளர். கட்டுரை வெளிவரவில்லை, மணல் அவரை விடவுமில்லை. பாலைவன மதங்களையும் அவற்றில் எழுந்த மீட்பர்களையும் ஆண்டுக்கணக்கில் படித்தார். 19-ஆம் நூற்றாண்டில் ரஷ்யப் பேரரசை எதிர்த்துக் காகசஸ் மலைகளில் போராடிய இமாம் ஷாமில் பற்றி லெஸ்லி பிளாஞ்ச் 1960-இல் எழுதிய நூலிலிருந்து சில சொற்களையே கடன் வாங்கினார். அவர் எழுதிய ‘டியூன்’ நாவலின் நாயகனான பாலுக்குப் பாலைவன மக்கள் தரும் பட்டங்களில் ஒன்று மஹ்தி. சூடானில் 1881-இல் தன்னை மஹ்தி என்று அறிவித்து, 1885-இல் கார்ட்டூமைக் கைப்பற்றிய முகமது அகமதின் நிழல் அதில் விழுகிறது. அந்தக் கலகமும் வென்ற பிறகு ஒரு மத அரசாகவே நின்றது.

கேம்பெல் ‘டியூன்’ கதையை 1963 டிசம்பர் முதல் 1965 மே வரை இரண்டு தொடர்களாக வெளியிட்டார். இதழின் பெயர் அப்போது ‘அனலாக்’. இருபதுக்கும் மேற்பட்ட பதிப்பகங்கள் திருப்பி அனுப்பிய அதை, கார் பழுதுபார்க்கும் கையேடுகளுக்குப் பேர்போன சில்டன் நிறுவனம் 1965-இல் நூலாக்கியது. பெனெ ஜெஸரிட் என்ற பெண் துறவியர் அமைப்பு கோள்தோறும் முன்கூட்டியே விதைத்து வைத்த தீர்க்கதரிசனத்தின் மேல் ஏறி நின்றுதான் பால் பேரரசனாகிறான். பெரும்பாலான வாசகர்கள் அதை வெற்றிக் கதையாகவே படித்தார்கள்.

இரண்டாம் பாகமான ‘டியூன் மெசையா’ கேம்பெலிடம் போனபோது அவர் மறுத்துவிட்டார். முதல் பாகத்துக்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு நடக்கும் கதை. பாலின் பெயரால் நடந்த புனிதப் போரில் 6,100 கோடிப் பேர் இறந்திருக்கிறார்கள். அவனோடு மணலில் ஒளிந்து போரிட்ட பாலைவன வீரர்கள் இப்போது பூசாரிகள். அவனுக்கு எதிராகச் சதிசெய்கிறவர்கள் மட்டுமல்ல, பாலும் அந்த மதத்தைத் தகர்க்கத்தான் வழி தேடுகிறான், முடியவில்லை. வாசகர்களுக்கு எழுகிற நாயகன்தான் வேண்டும், விழுகிறவன் வேண்டாம் என்பது கேம்பெலின் வாதம். கால் நூற்றாண்டுக்கு முன் தீர்க்கதரிசியை வீழ்த்தும் கதையை மகிழ்ச்சியோடு அச்சிட்டவர், வீழ்த்த வேண்டிய தீர்க்கதரிசியாக நாயகனே வந்து நின்றபோது கதவை மூடினார். ‘டியூன்’ வரிசையின் முதல் மூன்று பாகங்களிலும் துணிச்சலானது இந்த இரண்டாம் பாகம்தான். 1969-இல் ‘கேலக்ஸி’ இதழ் அதை வெளியிட்டது. இரண்டாம், மூன்றாம் பாகங்களின் சில பகுதிகள் முதல் பாகம் முடிவதற்கு முன்பே எழுதப்பட்டவை என்று ஹெர்பர்ட் பின்னாளில் சொன்னார். அப்படியானால் பாலின் வீழ்ச்சி, வெற்றிக்குப் பின் ஒட்டவைத்த யோசனை ஆகாது.

கேம்பெல் 1971 ஜூலையில் இறந்தார். அவருக்குப் பின் ‘அனலாக்’ ஆசிரியரான பென் போவா 1976-இல் ‘சில்ட்ரன் ஆஃப் டியூன்’ கதையைத் தொடராக வெளியிட்டார். பாலைவனத்திலிருந்து திரும்பி வரும் குருட்டுப் பிரசங்கி ஒருவன் ஆலயத்தின் முன்னால் நின்று அந்த மதத்தையே சாடுகிறான். பூசாரிகள் அவனைக் குத்திக் கொல்கிறார்கள். அவன் தங்கள் கடவுளான பால்தான் என்பது அவர்களுக்குத் தெரியாது. ஆலயத்தை ஆண்ட பாலின் தங்கை அலியாவும் வீழ்கிறாள். அவள் இடத்துக்கு வருபவன் பாலின் மகன் லெட்டோ. மணல் உயிர்களைத் தன் தோலாக்கிக்கொண்டு, 3,500 ஆண்டுகள் நீளப்போகும் இன்னொரு மத ஆட்சியை அவன் தொடங்குகிறான். அந்த ஆட்சியின் இறுதிக் காலத்தையும் அதற்கு எதிராக எழும் கலகத்தையும் எழுத ஹெர்பர்ட்டுக்கு நான்காவது நூல் தேவைப்பட்டது. அது 1981-இல் வந்தது.